நாற்பது கொத்துக்கு ஒரு சாவி

செவ்வாய், இரவு.

கெலிஓயாவில் நிஸார் நானாவின் சாப்பாட்டுக் கடை பில் மென்பொருளோடு நான் எழுதிய, போனில் ஓடர் எடுக்கும் ஆப்பை இணைக்க, அந்த மென்பொருள் கம்பனியிடம் மூன்று மாதம் கெஞ்சினேன். இன்றுதான் அனுமதிச் சாவி, அதாவது உள்ளே நுழைய ஒரு நீண்ட இரகசியக் குறியீடு, வந்தது. வெறும் சோதனைதானே என்று கடை இலக்கத்துக்கு வாயில் வந்த ஒரு எண்ணையும் என் போன் நம்பரையும் போட்டு நாற்பது கொத்து ரொட்டிக்கு ஓடர் அனுப்பினேன்.

ஒரு மணித்தியாலத்தில் கம்பளையிலிருந்து, நான் கேள்விப்பட்டேயிராத ஒரு கடையின் சமையல்காரர் பேசினார். "பில் மிஷின்ல ஓடர் துண்டு வந்திச்சு தம்பி, நாப்பதும் போட்டாச்சு. ஆறுறதுக்குள்ள வாங்க."

பதறிப்போய்க் கம்பனி இஞ்சினியருக்குப் போன் அடித்தேன். "ஓம் தம்பி, எல்லாக் கடைக்கும் ஒரே சாவிதான். அதைக் கவனமாப் பாவியும்" என்றார், சாதாரணமாக.

கம்பளை அடுப்படி எனக்குத் திறந்தது. நானாவின் அடுப்படி இப்போது யார் யாருக்குத் திறந்து கிடக்கிறதோ? "எல்லாம் பத்திரம் நானா" என்று கம்பனி ஒப்பந்தத்தில் அவரைக் கையெழுத்து வைக்கச் சொன்னவன் நான்.