சோத்துக்கை சர்வீஸ்

1971 மே 2, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராக மைதானத்துக்குப் போனேன். நம்ம ஊர் வாலிபால் பையன்கள் இன்றும் தோற்றார்கள். பழக்க ஆட்டம்தான். இருந்தாலும் தோற்றது தோற்றதுதானே.

"இந்த வயசுல எழுதப் படிச்சு மொதல்ல எழுதறது இதுதானுங்களா மாமா?" என்று மருமகள் பாக்கியமேரி சிரிக்கிறாள். அவள்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். வேறு எதை எழுதுவது? வயிறு எரிகிறது.

வாலிபால். எழுதிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.

மே 5

விரல் வலி. இன்றைக்கு இவ்வளவுதான்.

மே 9, ஞாயிறு

எரிச்சலுக்குக் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

நம்மிடம் சர்வீஸ் போடத் தெரிந்தவன் ஒருத்தன்தான், செபாஸ்டின். தொப்பூரில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். இடது கைக்காரன். அந்தக் கையால் அடித்தால் பந்து வலையைத் தாண்டி, பக்கவாட்டில் வளைந்து, பொத்தென்று விழும். எதிராளி இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு சாமி கும்பிடுகிறவன் மாதிரி நிற்பான்.

ஆனால் டீம் மேனேஜர் ஸ்தனிஸ்லாஸ் விடமாட்டார். ஜூன் மாசம் நம்ம கோயில் திருநாளுக்கு முந்தின நாள் பந்தை அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் வைத்து சாமியார் மந்திரிப்பது வழக்கம். மந்திரித்த பந்தைப் பீச்சாங்கையால் கொடுப்பதா என்பது அவர் கட்சி. "சர்வீஸ்னா அடுத்தவனுக்குக் கொடுக்கறதுப்பா. கொடுக்கறது சோத்துக்கையிலதான்." பழக்கத்திலும் அப்படியே என்று உத்தரவு. செபாஸ்டின் வலது கையால் அடித்தால் பந்து வலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

சர்வீஸ் நம் பக்கம் இருந்தால்தான் பாயிண்ட். வலையில் அடித்தால் சர்வீஸ் எதிராளிக்குப் போய்விடும். இப்படியே மூன்று வருஷமாகத் திருநாள் கோப்பை பக்கத்து ஊர் மேட்டுப்பட்டிக்குப் போகிறது.

பக்கத்துக் காட்டுக்கார மாது என்னோடு நின்று பார்த்தான். அவன் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். "உங்க அந்தோணியாரே எறங்கி வந்து ஆடினாலும் இந்த மேனேஜரு வெளிய ஒக்கார வெச்சிருவாருய்யா" என்றான்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை.

மே 16, ஞாயிறு

செபாஸ்டின் சொன்னான்: "இந்த வாட்டியும் சோத்துக்கைன்னா நான் மேட்டுப்பட்டிக்கே ஆடப் போயிடறேனுங்க பெரியப்பா. மாமனாரு ஊருதானே. அங்க எந்தக் கையின்னு யாரும் கேக்கமாட்டாங்க."

போனால் அவ்வளவுதான். அந்த இடது கை நமக்கு எதிரே நிற்கும். எப்படித் தாங்குவது?

ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "யாகப்பா, நாலு எழுத்து வந்ததும் வாய் நீண்டுபோச்சா?" என்றார். வாசலில் வைத்து, எல்லார் முன்னாலும்! அட என்னய்யா மனுசன் — நான் என்ன எனக்கா கேட்டேன்? ஊருக்குத்தானே கேட்டேன்? போதும்.

மே 30

மழை. கேழ்வரகு விதைக்க உழுதோம். மனசு மைதானத்தில்.

ஜூன் 8, செவ்வாய்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

திருநாளுக்கு முந்தின நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போனேன். அந்தோணியார் சுரூபத்தின் அடியில் ஏதோ எழுத்து இருக்கிறது. இத்தனை காலம் அது எனக்குப் பூவேலை மாதிரிதான். இன்று குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். உ-ப-ய-ம். உபயம் அருளப்பன். ஸ்தனிஸ்லாஸின் அப்பா! படித்த சந்தோஷத்தில் தலையை நிமிர்த்தினேன்.

அந்தோணியார் வலது கையில் லீலிப்பூ. குழந்தை யேசு இடது கையில்.

இடது கையில்!

பிறந்ததிலிருந்து இங்கேதான் முழங்கால் போடுகிறேன். ஊரே போடுகிறது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லையே!

கோயில் வாசலிலேயே ஸ்தனிஸ்லாஸைப் பிடித்தேன். "உங்கப்பா வாங்கி வெச்ச சுரூபம்தானே? ஆண்டவரையே எந்தக் கையில தாங்கியிருக்காரு, போய்ப் பாருங்க." போனார். வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமா, யோசனையா — தெரியவில்லை.

ஜூன் 12, சனி

பந்து மந்திரித்தாயிற்று. ஸ்தனிஸ்லாஸ் என்னைப் பார்க்கவில்லை. சுரூபத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 13, ஞாயிறு, அந்தோணியார் திருநாள்

ஜெயித்தோம்! ஜெயித்தோம்! ஜெயித்தோம்!

கை கழுவக்கூட இல்லை, வந்து எழுதுகிறேன். முதல் கேம் போயிற்று. செபாஸ்டின் வலது கையால் போட்டதெல்லாம் வலையில். மேட்டுப்பட்டிக்காரர்கள் "மாப்ள, வலை பிஞ்சிரப்போவுது!" என்று கூவினார்கள். இரண்டாவது கேமிலும் பின்தங்கி நின்றோம். மறுபடி செபாஸ்டின் முறை வந்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

அப்போது கோட்டோரத்திலிருந்து ஸ்தனிஸ்லாஸ், தொண்டை கிழிய: "டேய் செபாஸ்டின்! அந்தோணியார் கையால போடுடா!"

பையன் பந்தை வலது கைக்கு மாற்றிப் பிடித்து, இடது கையை ஓங்கினான். வளைந்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும்! எதிராளிகள் எல்லாம் கும்பிட்டபடி நின்றார்கள். அந்தக் கேம் நமக்கு. மூன்றாவதும் நமக்கு. மாது என்னைத் தூக்கிவிட்டான். வேட்டி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"பீச்சாங்கைன்னு சொன்னவன் எவன்?" என்று ஸ்தனிஸ்லாஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் கேட்டார். யாரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும்தான்.

ஜூன் 27, ஞாயிறு

தர்மபுரியில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எல்லோருக்கும் டீ சொல்லி, அவரே ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தார். செபாஸ்டின் பராக்குப் பார்த்துக்கொண்டே இடது கையை நீட்டினான். நான் ஸ்தனிஸ்லாஸின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் டம்ளரை அந்தக் கையில் வைத்தார். "சூடுடா, பார்த்துப் பிடி" என்றார்.