பதினான்கு விதிகளும் ஒரு காலி நாற்காலியும்

ஜூன் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் அண்ணியும் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு, நீ நலமா என்று கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். கத்திக் கத்தி உனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஜூலை நான்காம் தேதி தலைமையாசிரியை உன் கணக்கு வகுப்பில் வந்து அமர்வார். அவருக்குத் திருப்தியில்லையெனில் உன் பணி நிரந்தரமாகாது. நிலைமையைச் சரியாகவே புரிந்துகொண்டிருப்பதாகக் கருதுகிறேன்.

இத்துடன் வகுப்பறைக்கென்று பதினான்கு விதிகள் எழுதி இணைத்துள்ளேன். மூன்று முறை திருத்தியவை. தப்பிக்கச் சந்து பொந்து இராது. ஒன்பதாவதைக் குறிப்பாகக் கவனி: ஒரு மாணவருக்கு ஒரு பாட வேளையில் ஒரு கேள்வி மட்டுமே. பாதி இரைச்சல் அதிலேயே அடங்கும்.

வக்கீல் வேலை வேண்டாமென்று ஒன்றரை ஆண்டுக்கு முன் நீ எழுந்து போன நாற்காலி, என் அலுவலகத்தில் அப்படியே இருக்கிறது. இதை வற்புறுத்தலாகக் கொள்ளாதே. தகவலாக மட்டும் கொள்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணா,

உங்கள் விதிகளைச் சுவரில் ஒட்டினேன். மறுநாளே வகுப்பு கோர்ட்டாகிவிட்டது.

முன் வரிசையில் ஒரு வாயாடி இருக்கிறாள். வக்கீலம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். பேசாதே என்றேன். “ஆறாம் விதில பாட வேளைலன்னுதானே மிஸ் போட்டிருக்கு? நீங்க இன்னும் புத்தகத்தையே திறக்கலையே” என்றாள். யாராவது ஒருத்தியை எழுந்து நிற்கச் சொன்னால், அவள் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கலாமா என்று நாலு பேர் கூடவே எழுந்து நிற்கிறார்கள். பாதி வேளை விசாரணையிலேயே போகிறது.

நேற்றுவரை இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைசி வரிசையில் வாயே திறக்காத பெண் ஒருத்தி. பின்னக் கணக்கில் ஒரு வாரமாக வெற்றுத் தாளையே நீட்டினாள். புரியவில்லையென்றால் கேட்க வேண்டியதுதானே என்றேன்.

“ஒரு கேள்விதானே மிஸ். அப்புறம் இன்னும் கஷ்டமா ஏதாவது வந்தா கேக்கலாம்னு வெச்சிருந்தேன். அதுக்குள்ள மணி அடிச்சிடுது.”

தாளைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன் அண்ணா. கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபம் வந்தாலும் நீங்கள் சொல்லமாட்டீர்கள், அது வேறு விஷயம்.

அன்புடன்,
சின்னவள்


ஜூன் 24

அன்புள்ள சின்னவளுக்கு,

கோபமில்லை. ஒன்பதாம் விதி பிழை. அது முழுக்க என் பிழை. சாட்சியை மடக்கியே பழகியவன் எழுதிய விதி அது. அந்தப் பெண்ணிடம் என் வருத்தத்தைத் தெரிவிக்க இயலுமா என்று பார்.

எனினும், ஆய்வுக்குப் பத்தே நாட்கள் இருக்கையில் சுவரை வெறுமையாக விடுவது உசிதமா என்பதை யோசி. எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அண்ணி, பரீட்சை உனக்கா எனக்கா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 5

அன்புள்ள அண்ணா,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை கடிதம் கொடுத்தார்கள். வேலை நிரந்தரம். இனி ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

சுவரை வெறுமையாக விடவில்லை. என்ன விதி வேண்டுமென்று பிள்ளைகளையே கேட்டேன். இரண்டு நாள் சண்டை போட்டு நான்கு எழுதினார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அனுப்புகிறேன். அவர்கள் உட்காரும்முன்பே கரும்பலகையில் ஒரு கணக்கு காத்திருக்கும். சத்தம் ஏறினால் என் குரலை இறக்கிவிடுவேன். என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காக முன் வரிசையே பின் வரிசையை அடக்கிவிடுகிறது.

நேற்று தலைமையாசிரியை மூலையில் உட்கார்ந்திருந்தார். பாதிப் பாடத்தில், வாயே திறக்காதவள் கேள்வி கேட்டாள். இன்னொன்று கேட்டாள். மூன்றாவதும் கேட்டாள். உடனே நாலு பெஞ்சும் ஒன்றாகச் சேர்ந்து அவளுக்கு விளக்கத் தொடங்கிவிட்டது. சந்தைக்கடைதான். குரலை இறக்கினேன். அடங்கிவிட்டார்கள்.

தலைமையாசிரியை எழுந்து சுவரில் இருந்ததைப் படித்தார். நான்காவதை விரலால் தொட்டுக் காட்டி, யார் எழுதியது என்று கேட்டார். ‘டீச்சருக்குக் கோபம் வந்தா முதல்லயே சொல்லிடணும். மனசுல வெச்சுக்கக் கூடாது.’ அதுதான் நான்காவது.

வக்கீலம்மா எழுந்தாள். “நாங்கதான் மேடம். மிஸ்ஸும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டிருக்காங்க.”

“போட்டுட்டு, சொல்றாங்களா?”

“திங்கக்கிழமைகூட சொன்னாங்க மேடம். சொன்னதும் போயிடுச்சு.”

அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அன்புடன்,
சின்னவள்


ஜூலை 9

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதத்தை இருமுறை எனக்காகவும், ஒருமுறை அண்ணிக்காக உரக்கவும் படித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இரண்டு கற்கள் என்பதே சரி.

நான்காம் விதி ஆசிரியர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று எனக்குள் வாதிட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆகவே காலதாமதத்துக்கு வருந்தி இதைத் தெரிவிக்கிறேன். நீ அலுவலகத்தை விட்டுப் போனபோது எனக்குக் கடும் கோபம். ஒரு வார்த்தையும் சொல்லாமல், அதை ஒன்றரை ஆண்டாகக் காலி நாற்காலியாகப் போட்டு வைத்திருந்தேன். நீ ஜெயிக்க வேண்டுமென்றுதான் அந்தப் பதினான்கையும் எழுதினேன். தோற்றுத் திரும்பியிருந்தால் வருந்தியிருப்பேனா என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

உன் மாணவி சொன்னது சரிதான். சொன்னதும் போய்விட்டது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜூனியர் பெண்ணை நேற்று அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மதியத்துக்குள் பதினோரு கேள்விகள் கேட்டாள். அனைத்துக்கும் பதில் சொன்னேன்.

அன்புடன்,
அண்ணன்