பட அட்டை வாங்கியது காலையில்

லூயிஷாம், லண்டன்
7 நவம்பர் 1993, ஞாயிறு

அன்பு மகன் றெஜினோல்ட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று இன்று பூசையிலும் மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். இங்கே அக்கா அஞ்சலீனா, அத்தான் எட்வேட், பிள்ளைகள் எல்லோரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் தடிமன், மூக்கு ஓடுகிறது.

முதலில் ஒரு கதையைத் திருத்த வேண்டும். பெற்ற மகனைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போக, மெற்றில்டா கடையில் நின்று பட அட்டை தெரிவு செய்தா என்று என்னைப் பற்றி இங்கே கோவில் வாசலில் பேசுகிறார்கள். பூசை முடிந்து வாசலில் பேசுவது அன்று பின்னேரமே ரெலிபோனில் ஜேர்மனிக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே உன் காதுக்கும் வந்திருக்கும். அது பிழை. பட அட்டைகளை நான் வாங்கியது காலையில், சந்தைச் சதுக்கத்தில். நீ பக்கத்தில்தான் நின்றாய். கடைக்காரியோடு ஜேர்மன் மொழியில் கதைத்து, மடங்காமல் ஒரு தாள் பையில் போட்டு வாங்கித் தந்ததும் நீதான். பொலிஸ் வந்தது பகற்சாப்பாட்டுக்குப் பிறகு.

ஆனால், நீ போன பிறகும் நான் அரண்மனையைச் சுற்றிப் பார்த்தேன் என்று சொல்கிறார்களே, அது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

அன்று முழுவதும் நீ என்னோடு இருந்தாய், ஆகையால் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். என் பக்கத்தில் நடந்தது தெரியாது. அதை ஒழுங்காக எழுதப் போகிறேன்.

எங்கள் பங்கு முதியோர் சுற்றுலா ஹில்டெஸ்ஹைமில் தங்கும் என்று கேள்விப்பட்டவுடனேயே பெயர் கொடுத்தேன். உன் ஊரும் அதுதானே. தேவாலயங்களைப் பார்க்க வருவதாகத்தான் மற்றவர்களிடம் சொன்னேன். சனிக்கிழமை காலை நீ கேக் பெட்டியோடு நாங்கள் தங்கிய விடுதிக்கு வந்தாய். மெலிந்திருந்தாய். சேர்ட் கொலர் இஸ்திரி போடாமல் இருந்தது, அதைத்தான் முதலில் சொன்னேன். ஐந்து வருடம் காணாத பிள்ளையிடம் முதலில் சொன்னது அது.

அன்று எங்களுக்கு கொஸ்லார் பயணம். மலையடிவாரத்தில் பழைய சக்கரவர்த்திகளின் நகரம், வழிகாட்டியோடு ஒரு நாள். எங்களோடு வந்த தவமலரின் கணவருக்கு வயிற்றுக் கோளாறு, பஸ்ஸில் ஓர் இடம் காலி. நீயும் வா என்றேன். நீ என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய், அம்மா, எங்களுக்கு இந்த மாவட்டத்தை விட்டு வெளியிலை போறதெண்டால் அரசாங்கக் கந்தோரிலை அனுமதி எடுக்கவேணும், இண்டைக்குச் சனி, கந்தோர் பூட்டு, நீங்கள் போயிற்று வாங்கோ, நான் பின்னேரம் வாறன் என்று மெதுவாகச் சொன்னாய். நான் மெதுவாகப் பதில் சொல்லவில்லை. பக்கத்து ஊருக்குப் போக அனுமதியோ, நீ என்ன களவெடுத்தனியோ என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கேட்டேன். தவமலர் சிரித்தா. உன் முகம் சிவந்தது. பிறகு பஸ்ஸில் ஏறினாய்.

நான் அப்படி வற்புறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. நீ ஜேர்மனியில் ஒரு கொம்பனியில் பொறியியலாளராக இருக்கிறாய் என்று லூயிஷாமில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அகதி விடுதியில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருக்கிறாய் என்று சொல்லவில்லை. பொறியியலாளர் ஒருவர் தாயோடு ஒரு நாள் பஸ்ஸில் வர மறுத்தால் தவமலர் என்ன நினைப்பா? அதற்காகத்தான் உன்னை ஏற்றினேன்.

காலை நன்றாகத்தான் போனது. சதுக்கத்து நீரூற்றின் உச்சியில் இருக்கும் பொன் கழுகைப் பார்த்துவிட்டு, இது என்ன, எங்கடை வீட்டுக் கோழி மாதிரியெல்லோ நிக்குது என்று தவமலர் சொல்ல, நீ அதை மொழிபெயர்த்து வழிகாட்டி லிண்டெ அம்மையாருக்குச் சொன்னாய். அவ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பன்னிரண்டு மணிக்கு மணிக்கூட்டுக்குள்ளிருந்து சுரங்கத் தொழிலாளர் பொம்மைகள் வரிசையாக வெளியே வந்தபோது நீ அண்ணாந்து பார்த்தாய். சின்ன வயதில் பெருநாள் வாணம் பார்க்கும் அதே முகம். அந்த முகத்தோடு உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அரண்மனை மேட்டில் காற்று அடித்தது. நீ உன் ஜக்கெற்றைக் கழற்றி என் தோளில் போட்டாய். அந்த நேரம்தான் இரண்டு பொலிஸார் வந்தார்கள். நரைத்த தலைகளுக்கு நடுவில் நீ ஒருவன்தான் இளைஞன். உன்னிடம்தான் நேராக வந்தார்கள்.

லிண்டெ அம்மையார் குறுக்கே போய் ஏதோ சொன்னா. அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் திரும்பி இரண்டு அடியும் வைத்துவிட்டார். நான் அவவிடம் என்ன சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எல்லோரும் லண்டன் கோவில் ஆட்கள், பாஸ்போட்டுகள் விடுதியில் இருக்கின்றன என்று சொன்னதாகச் சொன்னா. நீ என் பக்கம் குனிந்து, அம்மா, கதையாதேங்கோ என்றாய்.

அந்தச் சொல்லுக்குத்தான் நான் கதைத்தேன். இதை உன் அக்காவிடம் சொல்லவில்லை, சுவாமியாரிடமும் சொல்லவில்லை. உண்மைக்காகப் பேசினேன் என்றுதான் அவர்களிடம் சொன்னேன். கொன்வென்ரில் மதர் எங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று படிப்பித்தா என்றும் சொன்னேன். உண்மையில், தவமலர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் பெற்றவன் என்னை வாயை மூடச் சொன்னான் என்ற கோபம்தான். அப்பாகூட ஆட்களுக்கு முன்னால் என்னை அப்படிச் சொன்னதில்லை. நிமிர்ந்து நின்று, என் நல்ல ஆங்கிலத்தில், ஒரு சிறு திருத்தம், இவர் லண்டன்காரர் அல்ல, என் மகன், ஹில்டெஸ்ஹைமில் வசிக்கிறார், இன்று ஒரு நாள் மட்டும் எங்களோடு வந்தார் என்றேன். போய்க்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார்.

உன்னைப் பற்றி ஊர் முழுவதும் பொய் சொல்லித் திரிந்தவள் நான். என் மானத்தைக் காக்கச் சொன்ன பொய். உனக்கு உதவ வந்த ஒரேயொரு பொய், அதுவும் முன்பின் அறியாத ஒரு பெண் சொன்னது, அதை என்னால் விட முடியவில்லை.

நீ என்னைத் திட்டவில்லை. அம்மா, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ, இதிலை நிண்டால் குளிரும் என்று மட்டும் சொன்னாய். ஜக்கெற்றைத் திருப்பித் தர வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. சேர்ட்டோடு அந்தக் காற்றில் நடந்துபோய் அவர்களின் காரில் ஏறினாய். உன்னோடு வருகிறேன் என்று நான் கேட்கவுமில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க என் முதுகு நிமிர்ந்தது. ரிக்கற்றைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

அங்கே ஒரு சிற்றாலயத்தில் ஒரு சக்கரவர்த்தியின் இதயம் இருக்கிறது. உடலை வேறோர் ஊரில் அடக்கம் செய்தார்களாம், இதயத்தை மட்டும் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்தார்களாம். லிண்டெ அம்மையார் அதை என் பக்கம் பார்க்காமலே சொன்னா. மற்றவர்கள் முழந்தாளிடவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள். நான் உன் ஜக்கெற்றின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் தவமலர் வந்து என் முழங்கையைப் பிடித்தா. அக்கா, வெளியிலை போய் இருப்பமோ என்று கேட்டா. கோவில் வாசலில் கதை சொன்னதும் அவதான், அன்று அப்படிக் கேட்டதும் அவதான். வேண்டாம், விளக்கம் முடியட்டும் என்றேன்.

இரவில் உன்னை விட்டுவிட்டார்கள் என்று எங்கள் விடுதிக்குச் செய்தி வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மறுநாள் லண்டனுக்கு பஸ் ஏறினேன். மிச்சத்தை அஞ்சலீனா உன் வழக்கறிஞருக்கு ரெலிபோன் எடுத்துத்தான் அறிந்தாள். அனுமதியில்லாமல் மாவட்டத்தைத் தாண்டி முதல் தடவை பிடிபட்டால் தண்டம், இரண்டாம் தடவை வழக்காம். இது உனக்கு இரண்டாம் தடவையாம். முதல் தடவை போன வருடம் கெவலார் மாதா கோவிலுக்குப் போனபோதாம்.

கெவலாருக்கு உன்னைப் போகச் சொன்னதும் நான்தான். அப்பாவின் நினைவு நாளுக்கு அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்து என்று எழுதினேன். கொளுத்திவிட்டேன் அம்மா, நல்ல சனம் என்று பதில் போட்டாய். திரும்பும்போது ஸ்ரேசனில் பிடிபட்டதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் அன்று உன்னை பஸ்ஸில் ஏற்றியிருக்கமாட்டேன் என்று எழுத வருகிறது. ஆனால் அதை நிச்சயமாகச் சொல்ல என்னால் ஏலவில்லை, ஆகவே எழுதவில்லை.

உன் ஜக்கெற் இங்கே இருக்கிறது. ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது, தைத்துவிட்டேன். பொதி செய்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். குளிர் தொடங்கிவிட்டது, அதைப் போட்டுக்கொள். பட அட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. இன்னும் அந்தத் தாள் பையிலேயே இருக்கின்றன.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு தவமலரிடமும் மற்றவர்களிடமும் நீ அகதி விடுதியில் இருக்கிறாய், வேலை இல்லை, வழக்கு நடக்கிறது என்று சொன்னேன். தவமலர் மறுநாள் ஒரு சட்டி மீன்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. உப்புக் கூடிப்போயிருந்தது. அவவிடம் அதைச் சொல்லவில்லை.

உன் விடுதிக்கு ரெலிபோன் எடுத்தால் வேறு பிள்ளைகள்தான் எடுக்கிறார்கள், றெஜி வெளியிலை என்கிறார்கள். ஒரு நாள் பின்னால் உன் இருமல் கேட்டது. நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். நீ கோபித்தது பிழை என்று நினைக்காதே.

இனி முக்கியமான விஷயம். மகன் தானாக வரவில்லை, மறுத்தவனை நான்தான் வற்புறுத்தி பஸ்ஸில் ஏற்றினேன் என்று நீதிமன்றத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதி, சுவாமியாரின் முன்னிலையில் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். தபாற்பெட்டி வரை கொண்டுபோய்த் திரும்பி வந்தேன். அது உனக்கு உதவுமா, இன்னும் கெடுக்குமா என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேளாமல் இன்னொரு முறை உன்னைப் பற்றி யாரிடமும் பேசமாட்டேன். வழக்கறிஞரைக் கேள். நீயும் யோசி.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். அனுப்புங்கோ என்றோ, அனுப்பவேண்டாம் என்றோ உன் கையால் ஒரு பதில் எழுது.

அன்புள்ள அம்மா,
மெற்றில்டா