காலி வீடு

துங்சிகா, பூட்டான்,
உருளைக்கிழங்கு தோண்டி முடித்த மறுநாள்.

அன்புள்ள லெகிக்கு,

ஜுர்மே எழுதிக்கொள்வது. உன் முதுகுவலி தணிந்து, வேலையில் யாரிடமும் பேச்சு வாங்காமல், நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இடது முழங்கால் மட்டும் படியிறங்கும்போது முனகுகிறது. அது உனக்குத் தெரிந்த முழங்கால்தான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் "சாப்பிட்டியா?" என்பேன், நீ "ம்" என்பாய். பின்னால் யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள். "ஷிஃப்ட் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்பாய். அந்த அப்புறம் வராமல் நாலு மாதம் ஆகிறது. உன் சித்தி மகள் செல்டன் படிப்பதற்காக பெர்த்துக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் புது முகவரியையும் அவள்தான் சொன்னாள். நீ வீடு மாறியது எனக்குத் தெரியாது. கார் வாங்கியதும் தெரியாது. வெள்ளைக் காராமே. சந்தோஷம்.

இந்த வருஷம் உருளைக்கிழங்கு பரவாயில்லை. மேல் வயலில் மட்டும் காட்டுப்பன்றி புகுந்து பாதியைக் கிளறிப் போட்டுவிட்டது. உன் பங்கு மிளகாயைக் கூரையில் காய வைத்திருக்கிறேன். என் ஒரு ஆளுக்கு அது மூன்று வருஷத்துக்கு வரும், ஆனாலும் நட்டுவிட்டேன், பழக்கம். உன் அம்மா இறந்தபோது மேட்டில் நட்ட நூற்றெட்டு வெள்ளைப் பிரார்த்தனைத் துணிக்கொடிகளும் காற்றில் நார்நாராகிவிட்டன. அவற்றை மாற்றக் கூடாது, தானாகவே உதிர வேண்டும் என்று லாமா சொல்லிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பள்ளத்தாக்குக்குப் புதுப்பணம் வந்திருக்கிறது. திம்புவிலிருந்து ஆட்கள் வந்து மூன்று கிராமங்களில் மட்டும் ஒத்திகை பார்க்கிறார்கள். அரசாங்கம் வெளியிடும் அதே நுல்ட்ரம்தான், ஆனால் காகிதம் கிடையாது, ஒரு கார்டுக்குள் இருக்கும். கார்டோடு கார்டு தொட்டால் பணம் கைமாறிவிடும். அதற்கு சிக்னல்கூட வேண்டாமாம். பனி விழுந்து சாலை மூடினாலும் கடையில் சாமான் வாங்கலாம், வங்கிக்காக ஒரு நாள் முழுக்க மலையிறங்க வேண்டாம் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் வெண்ணெய்த் தேநீர் ஆறுவதற்குள் வந்து சேர்ந்துவிடும் என்று சொன்னபோது கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். பாதி வீடுகளில் ஒருவராவது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார் அல்லவா. நானும் தட்டினேன்.

கார்டு வீட்டுக்கு ஒன்று, அந்த வீட்டின் தலைவி பெயரில். வேறு யாராவது அதைக் கையாள வேண்டுமென்றால் அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். வருகிற வருஷத்திலிருந்து விதைக்கிழங்குக்கும் பன்றிக்குப் போடும் மின்வேலிக்கும் கிடைக்கிற உதவி எல்லாம் இந்தக் கார்டு வழியாகத்தான் வரும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வீடு வீடாக வந்து எழுதுகிற பெண் பெயர் லாசோம். இருபத்தைந்து வயது இருக்கும். நம் ஊர்ச் செங்குத்தைப் பார்த்து முதல் நாளே அழுதுவிட்டாள், இப்போது ஆடு மாதிரி ஏறுகிறாள். என்னை வாய் நிறைய ஆச்சோ என்று, சொந்த அண்ணனைப் போலக் கூப்பிடுகிறாள். நம் கதவைத் தட்டினாள், திறந்தேன். கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆச்சோ, இந்த வீட்ல யாருமே இல்லன்னு போட்டிருக்கே?"

"அப்போ கதவைத் திறந்தது யாரும்மா?" என்றேன்.

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அவள் திருப்பிக் காட்டினாள். அம்மா பெயருக்கு நேரே ஒரு கோடு. உன் பெயருக்கு நேரே 'வெளிநாடு'. வீட்டுக்கு நேரே 'காலி'. அடுப்பில் சிவப்பரிசி கொதித்து மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது, லெகி. அவ்வளவு சத்தம் போடும் வீட்டைக் காலி என்கிறார்கள்.

தப்பு நம்முடையதுதான். நான் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பெயர் இன்னமும் நான் பிறந்த ஊரில் கிடக்கிறது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நீயும் சொன்னாய். விதைப்பு முடியட்டும் என்பேன், பிறகு அறுப்பு முடியட்டும் என்பேன். இந்தப் பக்கம் வீடு வாசல் எல்லாம் பெண்ணுக்குத்தானே, வந்த ஆண் எந்த ஏட்டில் இருந்தால் என்ன என்று ஊரில் பாதி மாப்பிள்ளைகள் இப்படித்தான் சோம்பேறியாக இருக்கிறோம். மற்றவர்களுக்கு வீட்டில் மனைவி இருப்பதால் அது வெளியே தெரியவில்லை.

லாசோம் நல்ல பெண். உதவி செய்யத்தான் பார்த்தாள். "ஒரு வழி இருக்கு ஆச்சோ. குடியிருக்கறவர்னு போட்டுடறேன். வாடகைக்கு இருக்கற மாதிரி. யாரையும் கேக்க வேண்டாம், இப்பவே முடிஞ்சிடும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம் அவளிடம் போய்க் கத்தினேன். "குடித்தனக்காரன் மாமியாரைக் குளிப்பாட்டுவானாம்மா?" என்றேன். அவள் அரண்டுபோய் நின்றாள். அப்புறம் நானே தேநீர் ஊற்றிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

இதை உன்னிடம் சொல்லிக்காட்ட எழுதவில்லை. நீ அங்கே முதியோர் இல்லத்தில் யாரோ ஒருவருடைய அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய், நான் இங்கே உன் அம்மாவைக் குளிப்பாட்டினேன். ஒருவர் போக வேண்டும், ஒருவர் இருக்க வேண்டும் என்று சேர்ந்துதான் முடிவு செய்தோம். விசா சிக்கலில் நீ வர முடியாமல் போனதற்கும் உன்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் கடைசி வாரம் முழுக்க அம்மா உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். "லெகி வந்துட்டு இருக்கா, மலையேறிட்டா" என்று பொய் சொன்னவன் நான். அந்தப் பொய்யைச் சொல்லும்போது நானும் கொஞ்சம் நம்பினேன்.

இன்னொரு வழிதான் இருக்கிறது என்றாள் லாசோம். அம்மாவுக்குப் பிறகு வீட்டுத் தலைவி நீதான், உன் போனுக்கு ஒரு கேள்வி போகும், நீ பதில் சொன்னால் போதும். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பயமாக இருந்தது, வேறென்ன.

அந்தக் கேள்வியை நான் பார்த்தது நம் பெரியவர் நாடோவின் புண்ணியத்தில். கேட்டால் நீ சிரிப்பாய். முழுநிலா அன்று அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார். நாமெல்லாம் வழக்கமாகச் செய்வது உனக்குத் தெரியும், பீடத்தில் நூறு நுல்ட்ரம் நோட்டை வைத்துவிட்டு, பத்தைக் காணிக்கைக்கு விட்டு, மிச்சத்துக்கு அங்கே கிடக்கும் சில்லறை நோட்டுகளை எடுத்துக்கொள்வோம். மனிதர் நோட்டுக்குப் பதில் கார்டைப் பீடத்தில் வைத்தார், தொண்ணூறு நுல்ட்ரம் சில்லறை எடுத்துக்கொண்டார், மூன்று முறை விழுந்து கும்பிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கார்டுக்குள் ஒத்திகைக்காக அவர்கள் போட்டுக்கொடுத்த ஆயிரமும் அப்படியே இருந்தது.

மறுநாள் கடையில்தான் உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டால் கோயில் காப்பாளர், "பீடத்துல வச்சது வச்சதுதான். திருப்பி எடுத்தா யாருக்குப் பாவம்?" என்று கையை விரித்துவிட்டார். நாடோ விடவில்லை. "எப்பவும் போலத்தானே செஞ்சேன்! சில்லறைகூட சரியாத்தானே எடுத்தேன்!" என்று வழியெல்லாம் புலம்பல். கடைசியில் கார்டு சாமிக்கே என்று முடிவாகி, அவருக்கு வேறு கார்டு கொடுக்க லாசோம் வந்தாள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

வீடு அவர் மனைவி பிடா பெயரில் இருக்கிறது. முதல் கார்டை அவளே வாங்கி அவர் கையில் கொடுத்திருந்தாள், இந்த முறை அவர் கைக்கே கொடுப்பதால் அவள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அவள் வாசலில் மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் கேள்வி வந்தது. லாசோம் சத்தமாகப் படித்தாள்: நாடோ என்பவர் உங்கள் வீட்டைச் சேர்ந்தவரா? கீழே இரண்டு கட்டம், ஒன்று ஆம், ஒன்று இல்லை.

பிடா சும்மா இருப்பாளா? "அட, இத இத்தனை வருஷமா யாரும் எங்கிட்ட கேக்கவே இல்லியே! கொஞ்சம் யோசிக்கணும். குறட்டை விடற ஆள், கார்டைச் சாமிக்குக் குடுத்துட்டு வர்ற ஆள்..." என்று இழுத்தாள். நாடோ நிஜமாகவே பயந்துபோய், "அடியே, அழுத்தித் தொலையேன்டி" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் மிளகாய்க் கையோடு அழுத்தினாள், ஈரத்தில் அது எடுக்கவில்லை. கையை உடுத்தியிருந்த கீராவில் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். நாடோ எழுந்து போய் வெற்றிலை மடித்து அவள் வாயில் வைத்தார்.

நான் அங்கே நின்றிருக்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐம்பது வருஷம் கூட இருந்த மனிதருக்காக ஒருத்தி இரண்டாம் முறை அழுத்தியதைப் பார்த்து எனக்குப் பொறாமை, லெகி. மறுநாள் காலையில் லாசோமிடம் போய், என் கேள்வியையும் அனுப்பிவிடு, ஆனால் செல்டன் பெர்த் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து அனுப்பு என்றேன். "கேள்வி ஒரு நொடியில போயிடும். உங்க கடுதாசி மலையிறங்கவே ரெண்டு நாளு. எதுக்கு ஆச்சோ இந்தப் பாடு?" என்றாள். முன்னால் சொல்லாமல் திடுதிப்பென்று கேட்டால் அது உனக்கு மரியாதை இல்லை என்றேன். அது பாதி உண்மை. கேள்வி வரும்போது நீ ஷிஃப்ட்டில் இருப்பாய், பிறகு பார்க்கலாம் என்று வைப்பாய். அந்தப் பிறகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது மீதி உண்மை.

கேள்வி பத்து நாள்தான் உயிரோடு இருக்குமாம். யாரும் தொடாவிட்டால் தானாகவே 'இல்லை' என்று பதிந்துகொண்டு அணைந்துவிடும்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அங்கே நீ எப்படி இருக்கிறாய், யாரோடு பேசுகிறாய், திரும்பி வருவாயா, எதையும் நான் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் மனிதர்கள் மாறுவார்கள், நானும்தான் மாறியிருப்பேன். உன் மனம் இல்லை என்றால் இல்லை என்றே அழுத்து. நான் சண்டைக்கு வர மாட்டேன். சாவியை பிடாவிடம் கொடுத்துவிட்டு, காய்ந்த மிளகாயை மூட்டை கட்டி வைத்துவிட்டு, என் ஊருக்குப் போய்விடுவேன். ஆனால் அந்தப் பத்து நாளை மட்டும் சும்மா ஓடவிடாதே. எதுவானாலும் அது உன் விரலால் வர வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் உன்னிடம் நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

அதுவரை தினமும் காலையில் அம்மாவின் பூஜையறையில் ஏழு கிண்ணங்களிலும் தண்ணீர் நிரப்புவேன், சாயங்காலம் கவிழ்த்து வைப்பேன். பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும், தண்ணீர் மாற்ற ஆள் இருக்கிற வீடு காலி வீடு இல்லை.

உன் கைகள் வேலையில் நோகாமல் இருக்கட்டும். உனக்கு எந்தப் பதில் நல்லதோ, அதையே தெய்வங்கள் உனக்குக் காட்டட்டும். கை ஈரமாக இருந்தால் மட்டும், துடைத்துவிட்டு இன்னொரு முறை அழுத்து.

உன் வீட்டிலிருந்து,
ஜுர்மே