வாலில் கொக்கு இல்லாத விமானம்

பிரிக்பீல்ட்ஸ்,
14.8.1995

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கந்தசாமியார் கிருபையால் நாங்கள் இருவரும் இங்கே சுகம். மெல்பேர்னில் நீயும் வயிற்றுப்பிள்ளையும் மருமகனும் சுகமாக இருக்கவேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கிறேன். அப்பா எழுதுவது என்று போட்டாலும் கை அம்மாவினுடையது என்று உனக்குத் தெரியும்தானே, எப்போதும் போல அவர் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, சுகம் கேட்டு எழுதும் என்கிறார், மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

போன கிழமை நாங்கள் வந்து இறங்கவில்லை என்று பதறியிருப்பாய். விமானத்தில் எஞ்சின் பழுது என்று அப்பா டெலிபோனில் மருமகனிடம் சொன்னாரே, எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை பிள்ளை, பழுது வேறு இடத்தில். பங்சாரில் இருக்கும் டிக்கெட் ஏஜெண்ட் எங்களுக்குப் போட்டுத் தந்தது வாலில் நீலக் கொக்கு வரைந்த கம்பெனி டிக்கெட் என்று உனக்குத் தெரியும். கூடவே கொக்குப் படம் போட்ட தோள்பை ஒன்றும் கொடுத்துவிட்டான், அன்றிலிருந்து அப்பா அதை மாட்டிக்கொண்டு மீன் வாங்கப் பாசாருக்கும் போனார், கோயிலுக்கும் போனார், முடிவெட்டவும் போனார். கொக்கில் போகிறோம் கொக்கில் போகிறோம் என்று கண்டவருக்கெல்லாம் சொன்னார். கிள்ளானில் இருக்கும் உன் மாமா யோகநாதனை சுபாங் விமான நிலையத்து மேல்மாடியில் கேமராவோடு நிறுத்தி, வால் கட்டாயம் படத்தில் விழவேண்டும் என்று உத்தரவு வேறு.

பெட்டிகளை ஏற்றக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால், கண்ணாடிக்கு வெளியே நிற்கிற விமானத்தில் கொக்கைக் காணோம், வாலில் மீனோ வாழைப்பழமோ தெரியாத ஒரு மஞ்சள் கோலம். எங்கட பிளேன் எங்கே என்று அப்பா விமானம் ஏறும் வாசலில் நின்ற கம்பெனிப் பிள்ளையைக் கேட்டார். சீதாலெட்சுமி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, ஜெஞ்சாரோம் ஊர்ப் பிள்ளையாம், நல்ல பொறுமை. "இதுதான் அங்கிள் உங்க பிளைட். டிக்கெட் அவங்க விக்கிறாங்க, பிளேன் இவங்க ஓட்டுறாங்க, ரெண்டு கம்பெனியும் ஷேர் லா, டிக்கெட்லயே சின்ன எழுத்துல போட்டிருக்கு பாருங்க" என்றாள். பென்ஷன் எடுத்து இத்தனை வருஷமாகியும் அப்பாவுக்குள் இருந்த ரெயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் எழும்பிவிட்டார். "பெயர் ஒருத்தன்ர, வண்டி இன்னொருத்தன்ரயோ? கண்டறியாத கதை! ஈப்போ மெயில் எண்டு டிக்கெட் குடுத்துப்போட்டு கூட்ஸ் வண்டியைக் கொண்டந்து விட்டா நீ ஏறுவியோ பிள்ளை?" என்று கேட்டார். அவள், "ஈப்போ போகணும்னா ஏறுவேன் அங்கிள்" என்றாள்.

அவ்வளவுதான், தோள்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதிரையில் குந்திவிட்டார். நான் கெஞ்சினேன், உன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன், நீர் வேணுமெண்டால் போம் என்கிறார். சிங்கப்பூருக்குக்கூடத் தனியே போகாதவள் நான், நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன். எங்கள் பெட்டிகளைத் தேடி இறக்குமட்டும் முழு விமானமும் காத்து நின்றது, அத்தனை சனமும் ஜன்னலால் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கென்று நான் வறுத்து இடித்த சரக்குத்தூளும் அந்தப் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இதொன்றும் தெரியாத யோகநாதன் மேல்மாடியில் நின்று அந்த விமானம் மறையுமட்டும் கைகாட்டியிருக்கிறான். அடுத்த நாள் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றவென்று வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தவன், உள்ளே பேப்பருக்குப் பின்னால் சாரம் கட்டிய இரண்டு கால்களைக் கண்டு, ஐயோ கள்ளன் என்று கத்தி வாளியைத் தூக்கிவிட்டான். நான் ஓடிவந்திராவிட்டால் அப்பாவின் தலை போயிருக்கும். "அக்கா, நீங்கள் ஜன்னலால கை காட்டினதை என்ர கண்ணால கண்டனே!" என்கிறான். நாங்கள் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கிள்ளான் முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டான்.

அப்பா அவனை உட்காரவைத்து, பெயர் ஒன்று வண்டி ஒன்று, இது ஏமாற்றில்லையோ என்று தொடங்கினார். எனக்கு வந்ததே கோபம். சத்தமாகவே கேட்டேன் மகள். "கோயில் திருவிழாவில 'இன்றைய உபயம் கார்த்திகேசு குடும்பம்' எண்டு மைக்கில சொல்ல, மாலையும் போட்டுக்கொண்டு முன்னுக்கு நிக்கிறது நீங்கள், பின்னுக்கு நிண்டு அவ்வளவு சனத்துக்கும் வெங்காயம் உரிக்கிறது ஆர்? கலியாண வீடு, செத்த வீடு எண்டு உங்கட பெயரில ஓடித் திரியிறது ஆர்? பெயர் உங்கட, ஓட்டுறது நான். ஒருநாளாவது ஏறமாட்டன் எண்டு சொன்னீங்களோ? என்ர பிள்ளை அங்க தனியக் கிடந்து நோகப் போறாள், உங்களுக்கு வால்தான் பெரிசோ?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டேன். யோகநாதன் மெல்ல எழும்பி, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான்.

அப்பா மறுநாள் காலை குளித்து விபூதி பூசிக்கொண்டு பங்சாருக்குப் போனார், வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் மாற்றிக்கொண்டு வந்தார். அதே மஞ்சள் வால்தான். அந்த மஞ்சளும் அவ்வளவு மோசமில்லை என்று தானாகவே சொன்னார். யோகநாதனுக்கு மட்டும் புது உத்தரவு, இந்த முறை விமானத்தை முன்பக்கமாக மட்டும் படம் எடுக்கவேண்டுமாம்.

இந்தக் கடிதத்தை எந்தக் கம்பெனி ஏற்றிக்கொண்டு வருமோ தெரியாது. எங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தாலும் ஒளித்து வைத்து வாசி. துணிக்கூடையைத் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, நோவு முந்தி வந்தால் எங்களைப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. அங்கே குளிராமே, எங்களைக் கூட்டிப்போக வரும்போது அப்பாவுக்கு மருமகனின் கம்பளிச் சட்டை ஒன்று கொண்டு வாருங்கள். அவரைக் கண்டவுடன் சிரித்துவிடாதே, பாவம். முருகன் உன்னையும் பிள்ளையையும் ஒரு குறையுமில்லாமல் இரண்டு உயிராய் வேறாக்கித் தருவார், வந்து உன் பக்கத்தில் இருக்கும்வரை எனக்கு நித்திரை இல்லை.

கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் கிடக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். எழுதி முடித்ததும், ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ என்று அப்பாவிடம் நீட்டினேன். நீர் எழுதினால் சரிதானே என்று வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
சி. கார்த்திகேசு