ஒற்றைக்கொம்பி குடித்த தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் உன் மாட்டு ஆஸ்பத்திரியும் நலமா? கூடாரத்தில் போனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம். நம் ஊர் மேய்ச்சல் நிலத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஒரு எட்டு வந்து பார்க்க லீவு தரவில்லை, திட்டாதே.

மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாறைக்குக் கீழே இருக்கிற ஊற்றுதான் உயிர் கொடுத்தது. தொப்பியில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கொம்பு மாடு ஒன்று என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் குடித்தது. "சார், நீங்க வரிசையில பின்னாடி வாங்க" என்று டிரைவர் சிரித்தார்.

உன் தம்பி,
மொட்டை

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

ஊர் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கத் துளை போடப் போகிறார்களாம். கூடவே சர்வேயர் அறிக்கை: ‘நீர்நிலை எதுவும் இல்லை. நிலம் யாருடைய பயன்பாட்டிலும் இல்லை.’ கீழே வால் நீட்டிய கையெழுத்து. அந்த வாலைப் போடக் கற்றுக் கொடுத்ததே நான்தானே?

உன்னை இடித்தது எங்கள் ஒற்றைக்கொம்பி. போன மாதம்தான் அதன் காலுக்குத் தையல் போட்டேன். அது எங்கே தண்ணீர் குடித்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அறிக்கை பொய்யா, கடிதம் பொய்யா? பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 16

அக்கா,

நான் ஊற்றைக் குறித்துத்தான் கொடுத்தேன். "சின்ன ஊத்தெல்லாம் எதுக்குய்யா?" என்று மேலதிகாரி அந்த வரியை மாற்றினார். நான் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. வீட்டில் அவளுக்கு இது ஏழாம் மாதம். நான் ஒருவன் முரண்டு பிடித்தால் எல்லாம் நின்றுவிடுமா?

முப்பதாம் தேதி ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் நானும் இருப்பேன். உன் காலில் விழுகிறேன், அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கூட்டத்துக்கு வராதே.

மொட்டை

ஏப்ரல் 22

தம்பி,

வருவேன். முன்வரிசையில் உட்காருவேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊற்றையே காகிதத்தில் மறைப்பவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். அந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்தால் நான் எந்த மாட்டுக்கு என்ன ஊசி போடுவது? எண்பது வீட்டு மாடுகள் அங்கே மேய்கின்றன. எல்லோருக்கும் பொது என்றால் கேட்க ஆளில்லை என்று அர்த்தமா? அது என்ன, கம்பெனிக்காரன் அப்பன் வீட்டுச் சொத்தா?

உன் கடிதத்தை மைக்கில் படிக்கச் சொல்லி டீக்கடைக்காரர் நச்சரிக்கிறார். "ஒரே கடுதாசி, கம்பெனி மூட்டையக் கட்டிரும்" என்கிறார். முடியாது என்றேன். உன் வேலையை என் வாயால் பறிக்க மாட்டேன். உன் பொய்க்குத் துணை போகவும் மாட்டேன். இதை எழுதும்போது எனக்கு அழுகைதான் வருகிறது, ஆனால் கோபம் தணியவில்லை.

கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. கிழிப்பதென்றால் நீயே கிழி. அது இல்லாமலும் நாங்கள் நிற்போம். துளை போடும் வண்டி வந்தால் மாடுகளோடு பாதையில் உட்காருவோம், எழுந்திருக்க மாட்டோம்.

அவளைப் பளு தூக்க விடாதே.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அதையும், திரும்பி வந்த என் கடிதத்தையும் அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அன்னைக்கு அந்தத் தண்ணி இல்லன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

என் கடிதத்தைக் கிழிக்கவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது. மைக்கில் நானே படிக்கிறேன். வரியை மாற்றியது யார், கையெழுத்துப் போட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். படித்து முடித்த பிறகு அதில் உட்கார விட மாட்டார்கள். முன்வரிசையில் உன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் பிடித்து வை.

உன் தம்பி,
மொட்டை