வெறும் பாத்திரம் அனுப்பாத ரோசம்மாவுக்கு

அன்புத் தங்கச்சி ரோசம்மா,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி ஓடைப்பக்கம் சரிகிறது. பென்சிலைக் கவ்வாத்துக் கத்தி மாதிரிப் பிடிக்கிறேன் என்று நீ சிரிப்பாயே, இன்னும் அப்படித்தான் பிடிக்கிறேன். தேயிலைச் செடியை வெட்டி வெட்டிப் பழகிய கை. அழுத்தி எழுதியதில் தாள் அங்கங்கே கிழிந்துவிட்டது. இது தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற தாள். ஸ்டோரில் சும்மா கிடந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார் கணக்கு எழுதும் கிராணி.

ஆனாலும் எழுதிவிட்டேன் பார். மேலே இருக்கிறதே உன் பேர், அது நான் எழுதியது. காலையிலிருந்து அதைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல் போன கிழவன் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ.

நீ இதைப் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்று, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? பரவாயில்லை. எனக்கு வேறு என்ன வேலை?

வெள்ளைக்காரத் துரை இந்த மலாயா மலையை விட்டு ஓடி ஜப்பான்காரன் வந்த பிறகு, காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அரிசி என்றானது. படுக்கையில் கிடப்பவருக்கும் கண் தெரியாதவருக்கும் கிடையாது. வீட்டில் சம்பாதிக்க ஆள் இருந்தவரை அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு திடமான ஆண்களை எல்லாம் லாரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்கு அனுப்பினார்கள். உன் வீட்டுக்காரர் அருளப்பனும் அந்த லாரியில்தான் போனார். மண் சரிவில் இடுப்பு ஒடிந்து வருஷக்கணக்காய்ப் பாயில் கிடந்த நீ, வாசலுக்கு வர முடியாமல் உள்ளே இருந்தபடியே லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

பேச்சை முதலில் எடுத்தது பாக்கியம். கொழுந்து எடுப்பதிலும் வாய் பேசுவதிலும் நம் லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கு ஈடு யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது சொன்னாள். உலையில் போடுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து வைக்க வேண்டும், தன் அடுப்பில் ஒரே பானையாகக் காய்ச்சிப் படுத்துக் கிடப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். பிடி அரிசி சாமிக்கு எடுத்து வைப்பதல்லவா என்று யாரோ இழுத்தார்கள். சாமி கொஞ்ச நாள் பொறுத்துக்கும், அதுக்கு வயிறு கல்லு என்றாள். அன்று மாலையே அவள் அடுப்படியில் பிடி அரிசி சேர ஆரம்பித்தது.

தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. நான் சயாமுக்கு ஆகாத கிழவன். கிழங்குக் காட்டுக் காவலில் பேர் இருந்ததால் எனக்கு அரிசி உண்டு, பகலில் நேரமும் உண்டு. தூக்குச்சட்டிகளைக் கம்பில் மாட்டிக்கொண்டு மேல் லயம், கீழ் லயம் என்று ஏறி இறங்குவேன்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நம் சனங்களின் வழக்கம். ஒரு கைப்பிடி உப்போ ஒரு மிளகாயோ போட்டுத்தான் கொடுப்போம். ஒன்றுமில்லாதவர்களுக்கு ஏது வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். மேல் லயத்தில் கண் தெரியாத மாடசாமி மாமா என் நினைப்பை உடைத்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு, சட்டிக்குள் ஒரு கொட்டைப்பாக்கைப் போட்டுக் கொடுத்தார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். பாக்கியம் சொன்னபடி மறுநாள் அதை அவர் பாய்க்கு அடியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் தடவி எடுத்து மறுபடி சட்டியில் போட்டார். இப்படியே அந்த ஒற்றைப் பாக்கு மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாமா சொன்னார்: “சவரி, உங்க பாக்கியத்துக்கிட்ட சொல்லு. கண்ணுதான் தெரியாது, பாக்கு தெரியும்.”

நீ முதலில் புதினா போட்டாய். ஜன்னலில் தகர டப்பாவில் வளர்ந்ததே, அது. பிறகு ஒருநாள் டப்பாவில் மண் மட்டும் இருந்தது. பசியில் தின்றுவிட்டேன் அண்ணே என்று சிரித்தாய். அன்றைக்குத்தான் சட்டியின் மூடியைத் திருப்பி, உள்பக்கத்தில் அடுப்புக்கரியால் ஏதோ கிறுக்கிக் கொடுத்தாய்.

“இன்னிக்கு இதுதான் இருக்கு. இதுக்குப் பேரு அ.”

“இதை வச்சு நான் என்ன தங்கச்சி பண்றது?”

“வச்சுக்கங்க அண்ணே. கெட்டுப் போகாது.”

ஓடையில் சட்டியைக் கழுவ உட்கார்ந்தவன், மூடியை மட்டும் கழுவ மனம் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். குச்சியை எடுத்து ஈர மண்ணில் அதே மாதிரிப் போட்டுப் பார்த்தேன். மாடு படுத்த மாதிரி வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதன் பிறகு தினம் ஒரு எழுத்து வந்தது. மழைக்காலம் போய் வெயில் வந்தது, சட்டிக்குள் கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது, மூடியில் மட்டும் எழுத்துக் கூடிக்கொண்டே வந்தது.

நான் யாரும் சொல்லித்தராமல் படித்த முதல் சொல் உப்பு. ஞாபகமிருக்கிறதா? மூன்று எழுத்தையும் மூடியில் போட்டுக் கொடுத்துவிட்டு, நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். பாதி வழியில் நின்று கூட்டிப் படித்தேன். எனக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. இரண்டாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. இத்தனை நாளில் நீ வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை.

மறுநாளே தானா ராத்தா டவுனுக்கு நடந்து ராவுத்தர் கடையில் நின்றேன். உப்பு இல்லை. அவர் உப்பு வந்த பழைய சாக்கில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்தால் கரிக்கும் என்றார். அந்தத் தண்ணீரை ஊற்றி நீ கஞ்சி குடித்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அரிசி நின்று, சக்கரைவள்ளிக் கிழங்கு மட்டும் என்று ஆனபோதுதான் சண்டை வந்தது. ஆளுக்கு ரெண்டு துண்டு கிழங்கு. நீ எழுத்தையும் போட்டு, ஒரு துண்டைச் சட்டியிலேயே விட்டு அனுப்பினாய். கால் எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது உனக்கு. பாக்கியம் தானே நேரில் வந்தாள்.

“அதான் கரியில எழுதிப் போடறியே. அது போதாதா? கிழங்கை எதுக்குத் திருப்பி அனுப்பற?”

“அக்கா, எழுத்து அண்ணனுக்கு. கிழங்கு பாத்திரத்துக்கு.”

அவளுக்கு வந்த கோபத்தில் அடுத்த நாள் பாத்திரமே அனுப்பவில்லை. கிழங்கைச் சேம்பிலையில் கட்டி, இதைத் தின்னுட்டு இலையை வீசிடச் சொல்லுங்க, திருப்பி அனுப்ப என்ன இருக்குன்னு பார்ப்போம் என்றாள். நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். நீ கட்டைப் பிரிக்கவே இல்லை.

“இலையில கட்டிக் குடுத்தா நான் சும்மா திங்கிறவ. பாத்திரத்துல குடுத்தா நான் வீட்டுக்காரி. எடுத்துட்டுப் போங்க அண்ணே.”

அந்தப் பொட்டலம் அப்படியே திரும்பி வந்தது. பாக்கியம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்போது சத்தியம் வாங்கினாள். இப்போது சொல்லிவிட்டேன். கடைசியில் நான்தான் நடுவில் நின்று பேசினேன். பாத்திரமே வரும், கிழங்கு முழுக்க நீ தின்ன வேண்டும், திரும்பி வருவது எழுத்து மட்டும். நீ ஒத்துக்கொண்டாய். கொடுத்த வாக்கையும் காப்பாற்றினாய்.

ஆனாலும் என்ன? ரெண்டு துண்டு ஒன்றாகி, ஒன்று பாதியாகியது. குளிர் இறங்கியது. உனக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. இந்த மலைக் குளிருக்கு மரவள்ளிகூட ஒழுங்காகப் பருக்காது, மனுஷி எப்படித் தாங்குவாள்?

கடைசியாக வந்த பாத்திரத்தைப் பாக்கியம் திறந்து பார்த்தாள். சந்தோஷப்பட்டாள் தங்கச்சி. பாருங்க அண்ணே, வழிச்சுத் தின்னுருக்கா, ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை, இனிப் பிழைச்சுக்குவா என்றாள். நான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். கரி இல்லை. வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். உன் வீட்டிலிருந்து பாத்திரம் வெறுமையாக வந்தது அன்றைக்கு மட்டும்தான். பாக்கியத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சந்தோஷத்தை ஒரு நாளாவது வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள்கூட இல்லை, விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் சிலுவை செய்தோம். அதில் உன் பேரை நான் எழுதினேன். நான் எழுதிய முதல் பேர் அது. அங்கே நின்று சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. பட்டேன். நீ திட்ட மாட்டாய்.

படிக்கத் தெரிந்தவனுக்கு இந்த மலையில் படிக்க என்ன இருக்கிறது சொல்? ஆபீஸ் பலகையில் ஜப்பான் எழுத்து. தமிழ் எழுத்து இருப்பது கல்லறைத் தோட்டத்தில்தான். படிக்க வருகிற சந்தோஷத்தில் ஒரு சிலுவை விடாமல் உரக்கப் படித்துக்கொண்டு போனேன். எல்லாம் எனக்குத் தெரிந்த பேர்கள். சயாமுக்குப் போனவர்களின் பேர் ஒன்றுகூட அங்கே இல்லை. அவர்கள் பேரை யார் எங்கே எழுதி வைத்தார்களோ. அருளப்பனிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. வந்து நின்றால் நான் எங்கிருந்து ஆரம்பிப்பேன்?

இங்கத்துச் சேதி நன்றாக இல்லை. மாடசாமி மாமாவும் போய்ச் சேர்ந்தார். அந்தப் பாக்கைப் பாக்கியம் அவர் வேட்டி முனையிலேயே முடிந்து அனுப்பினாள். நம் கிழங்குக் காட்டில் விளைவது இனி லாரியில் கீழே பட்டாளத்துக்குப் போகுமாம். திரிங்காப் பக்கம் ஒரு சீனத் தோட்டக்காரர் முட்டைக்கோஸின் வெளி இலைகளைப் பொறுக்கிக்கொள்ள விடுகிறார். அதை அவித்த தண்ணீர்தான் இப்போது பாக்கியத்தின் பானையில். பிடி எடுத்து வைக்க வீடுகளில் ஒன்றுமில்லை. இன்னும் எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று அவளிடம் நான் கேட்பதில்லை.

பாத்திரம் தூக்குவதும் இப்போது அவளே. என் கால் ரெண்டும் வீங்கிவிட்டன. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே வருகிறது. வாசல் வரை தவழ்ந்து போகிறேன். பெரட்டில் என் பேரை விட்டுவிட்டார்கள். ஆக, தங்கச்சி, இப்போது நானும் பாத்திரத்துக்குக் காத்திருக்கிற ஆள்.

முதல் நாள் குடித்து முடித்ததும் திருப்பி அனுப்ப வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்றுமில்லை. அடுப்பிலிருந்து கரியை எடுத்து, மூடியின் உள்பக்கம் அழகாக அ போட்டேன். உன்னுடையதைவிட நன்றாகவே வந்தது என்று எனக்குப் பட்டது. மறுநாள் பாக்கியம் மூடியைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தாள்.

“என்ன அண்ணே, மூடியெல்லாம் கரி. அடுப்புல கவுத்து வச்சீங்களா?”

“அது எழுத்து பாக்கியம். உனக்குத்தான்.”

“எழுத்தை அவிச்சுத் திங்க முடியுமா? பேசாம குடிங்க, ஆறிடும்.”

கெட்டுப் போகாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அடுத்த சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பானையில் போட ஏதாவது கிடைக்குமா என்று நாளெல்லாம் நடக்கிறவள் அவள். நேற்றும் எழுதினேன், இன்றும் தேய்த்துத்தான் வந்தது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அடுத்த எழுத்தை எழுதியிருப்பாயா, அதே எழுத்தையா?

நான் அதே எழுத்தைத்தான் எழுதப் போகிறேன். அவள் தேய்க்கட்டும். பாத்திரம் இந்த வாசலுக்கு வருகிற வரைக்கும், இங்கிருந்து வெறுமையாகப் போகாது. இதை உன் தலைமேல் அடித்துச் சொல்கிறேன்.

தாளில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. வீக்கம் முழங்காலோடு நிற்கிறது. அது கைக்கு ஏறாமல் இருந்தால், வருகிற ஞாயிறு ஜெபச் சத்தம் ஓய்ந்ததும் அந்தப் பாதியிலும் உனக்கு எழுதுவேன். ஏறிவிட்டால் நேரில் வந்து சொல்கிறேன்.

கூடப் பிறக்காமல், உன் சட்டி மூடியில் படித்த அண்ணன்,
சவரிமுத்து